காற்றடித்த வெள்ளியன்று கடலிடம் பூவாக்குக் கேட்டது

1

சென்ற வெள்ளிக்கிழமையோடு எங்களுக்குத் திருமணமாகி நாற்பத்தொரு ஆண்டுகள் நிறைந்தன. அந்நாளை நாமக்கல்லில் கழித்திருந்தால் காலையில் மலையடிவாரத்துக் கோயிலுக்குப் போயிருப்போம். மதியம் வடை பாயசத்தோடு உண்டுவிட்டு, மாலை முழுவதும் உறவினரின் தொலைபேசி வாழ்த்துகளுக்கு நன்றி சொல்லி ஓய்ந்திருப்போம். இங்கே, ஆஸ்திரேலியாவின் தென்கரையில், எழுபத்தொரு வயதில் நானும் அறுபத்துமூன்று வயதில் என் மனைவி சரஸ்வதியும் மரத்தாலான கடற்பாலம் ஒன்றின் நுனியில் ஆளுக்கொரு தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காற்று எங்களைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் இவ்விடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, இவர் யார், அந்தப் பாசுரக்காரரா என்று தமக்குள் கேட்டுக்கொள்வார்கள். அவரேதான். விடியலில் பாசுரம் ஓதாமல் காபி குடிக்காத மனிதர், கொங்கு நாட்டுச் சீமாட்டி ஒருத்தியோடு, நடுப்பகலில், பனியன் மேல் சட்டை, சட்டை மேல் கம்பளிச்சட்டை, அதன் மேல் மகன் கொடுத்த மழைச்சட்டை என்று நான்கு அடுக்கு அணிந்து, தூண்டில் இரையாகக் கணவாய் மீன் துண்டை நீரில் வீசிக்கொண்டிருந்தார். நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

2

என்னைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். மேட்டூர் அணையில் நீர்மட்டம் குறித்து எழுதும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். கற்சுவரில் வரைந்த அளவுக்கோட்டைக் காலையும் மாலையும் பார்த்து, ஏட்டில் ஏற்றி, மேலிடத்துக்குச் சொல்வது என் வேலை. நீர் என்றால் அது உத்தரவுக்குக் காத்திருக்கும் பொருள் என்பதே என் அறிவு. திறக்கச் சொன்னால் போகும். மூடச் சொன்னால் நிற்கும். அணையில் பரிசல் போட்டு மீன் பிடிப்பவர்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் தூண்டிலைத் தொட்டதில்லை.

அந்த முப்பது ஆண்டுகளும் விடியற்காலையில் குடியிருப்பின் பின்கட்டில் அமர்ந்து பாற்கடலைப் பாடினேன். அலை வந்து அடி வருட, பாம்பணையில் அறிதுயில் கொள்பவனைப் பாடினேன். மீனாய் வந்து மறை காத்தவனைப் பாடினேன். ஆனால் கடல் என்பதை நேரில் கண்டது வாழ்நாளில் இரண்டே முறை. இரண்டும் பேருந்துச் சுற்றுலா. இறங்கி, கால் நனைத்து, ஏறிவிட்டோம். சேலம் நாமக்கல் சமவெளியில் பிறந்தவனுக்குக் கடல் பாட்டில் மட்டுமே இருந்தது.

இங்கே வந்தபோது மகன் கதிரவன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டிலிருந்து கடற்கரைக்குப் பேருந்தில் பன்னிரண்டு நிமிடம். முதல் நாள் போய் நின்றேன். யாருடைய உத்தரவும் இல்லாமல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும் நீர். அளவுக்கோடு கிடையாது, ஏடு கிடையாது. கரையில் நின்று நான் வாய்விட்டுச் சிரித்ததாக என் மனைவி இன்றும் எல்லோரிடமும் சொல்கிறாள். உண்மை. அதன்பின் நாள்தோறும் போனேன். சும்மா நிற்பதைப் பார்த்து மகன் இரண்டு தூண்டில் கோல்கள் வாங்கிக் கொடுத்தான்.

தூண்டில் பிடிக்க இங்கே அனுமதிச்சீட்டு வேண்டும். அலுவலகத்துக்கு முறைப்படி மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். என் பணி அனுபவத்தையும் குறிப்பிட்டிருந்தேன். ஒற்றை வரியில் பதில் வந்தது: தங்கள் வயதுக்குச் சீட்டு தேவையில்லை. என் மனைவிக்கு, நான் அழைக்கும் பெயரில் அம்மிணிக்கு, தேவைப்பட்டது, எடுத்தாள். ஆகவே எங்கள் இருவரில் மீன் பிடிக்கச் சட்டப்படி தகுதி பெற்றவள் அவள். வயதின் பொருட்டு மன்னிக்கப்பட்டவன் நான். இந்த வேறுபாட்டை அவள் வாரம் ஒருமுறையாவது நினைவூட்டுவாள்.

3

இனி விவகாரத்துக்கு வருகிறேன்.

நாங்கள் இந்நாட்டில் நிலையாகத் தங்குவதா, ஊர் திரும்புவதா என்று முடிவு செய்து, ஒரு படிவத்தில் இருவரும் கையொப்பமிட வேண்டியிருந்தது. திங்கட்கிழமை கடைசி நாள். பக்கம் பக்கமாகக் கேள்விகள்: தாய்வழிப் பாட்டன் பிறந்த ஊர், காசநோய் வந்ததுண்டா, படையில் பணிபுரிந்ததுண்டா. எல்லாவற்றுக்கும் விடை எழுதிவிட்டேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் இரண்டு சிறு கட்டங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. இங்கே நிலையாக வாழ விரும்புகிறீர்களா? ஆம். இல்லை.

அந்தக் கட்டங்களை மூன்று வாரமாக வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் மனைவிக்கு நாமக்கல்லுக்குப் பக்கத்தில் மூன்று கோழிக் கொட்டாய்கள் உண்டு. அவளே தொடங்கி, அவளே நடத்தியவை. நான் மேட்டூரில் நீரை அளந்துகொண்டிருந்த காலம் முழுவதும் அவள் பத்தாயிரம் கோழிகளோடு மல்லாடினாள். சனிக்கிழமைதோறும் மேட்டூரிலிருந்து சேலம், சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் என்று பேருந்து மாறி வந்து சேரும் விருந்தாளியாக இருந்தேன். ஓய்வு பெற்று நிரந்தரமாக வந்தபோது கொட்டாய்க்குள் எனக்கு வேலை இல்லை என்பது முதல் வாரத்திலேயே கோழிகளுக்கும் தெரிந்துவிட்டது. இப்போது அவற்றை அவள் தம்பி முருகேசன் பார்த்துக்கொள்கிறான். பார்த்துக்கொள்கிறான் என்று நாம் சொல்லலாம், அவள் சொல்லமாட்டாள். தினமும் கைப்பேசியில் அவனைக் கொட்டாய்க்குள் நடக்கச் சொல்லி, தீவனத் தொட்டியைக் காட்டு, தண்ணிக் குழாயைக் காட்டு, அந்த மூலையில் குந்தியிருக்கிறதே அதைத் தூக்கு என்று இங்கிருந்தே ஆள்கிறாள்.

"இங்க எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க" என்றாள் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே. "அதுதானுங்க கொறை. என்னையக் கேட்டு இங்க ஒரு ஈயும் பறக்கறதில்ல."

நான் தங்க விரும்பினேன். காரணம் கேட்டவர்களிடம் பேத்தி நிலாவைச் சொன்னேன். பத்து வயது, நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், பாசுரம் சொல்லிக் கொடுத்தால் இரண்டாம் வரியில் நழுவிவிடுவாள். அருகில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்றேன். அதுவும் பொய்யன்று. ஆனால் அண்மையில் அவளே என்னைத் திருத்தத் தொடங்கியிருந்தாள். பள்ளியில் ஏதோ படம் காட்டியிருக்கிறார்கள். அன்றோடு மீனும் முட்டையும் விட்டுவிட்டாள். அறுபது ஆண்டு பக்தி செய்தும் சனிக்கிழமையும் புரட்டாசியும் தவிர நான் விடாத மீனை, அரை மணி நேரப் படத்தோடு அவள் கைவிட்டாள். "தாத்தா, மீனுக்கும் வலிக்கும்" என்று இதை மட்டும் தெளிவான தமிழில் சொன்னாள். ஆகவே பேத்தியைத் திருத்துவதற்காகத் தங்குகிறேன் என்ற வாதம் வலுவிழந்திருந்தது.

உண்மைக் காரணம் கடல். அதை யாரிடம் சொல்வது? எழுபத்தொரு வயதில் ஒருவன் கடல்மேல் ஆசைப்பட்டு மனைவியைக் கொட்டாயிலிருந்து பிரித்து வைக்கிறான் என்றால் கேட்பவர் என்ன நினைப்பார்?

4

எங்கள் பக்கத்தில் இத்தகைய சிக்கலுக்கு வழி உண்டு. பூவாக்குக் கேட்பது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன் போட்டு, மனத்தில் கேள்வியை வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் திருமணத்துக்கே அப்படித்தான் கேட்டார்கள். முதல் முறை சிவப்பு வந்தது. என் மாமனார் இலை சரியாக மடியவில்லை என்றார். இரண்டாம் முறையும் சிவப்பு. பூசாரி கை கழுவவில்லை என்றார். மூன்றாம் முறை வெள்ளை வந்தது. உடனே வெற்றிலை மாற்றிவிட்டார். கடவுளிடம் விடாப்பிடியாகக் கேட்கும் குணம் அவர் மகளுக்கும் இருக்கிறது.

இங்குள்ள கோயிலுக்குப் போய் அர்ச்சகரிடம் கேட்டோம். நல்ல மனிதர். அவர் தயங்கி, வழக்கத்தில் இல்லாத சடங்கு என்றால் நிர்வாகக் குழுவுக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அடுத்த கூட்டத்தில் வைப்பார்கள் என்றார். கூட்டம் அடுத்த மாதம். படிவத்துக்குக் கடைசி நாள் திங்கட்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை, திருமண நாள் பாயசத்தைக் கிளறிக்கொண்டே அம்மிணி வழி சொன்னாள்.

"ஏனுங்க, சாமி கோயிலுக்குள்ள மட்டுந்தான் இருக்குதுங்களா?"

"இல்லை."

"கடல்லயும் இருக்குதுன்னு தினமும் பாடறீங்க."

"பாடுகிறேன்."

"அப்பறம் என்னங்க. இன்னைக்கு ரெண்டு பேருந் தூண்டி போடறோம். உங்குளுதுல மொதல்ல மீன் மாட்டுனா இங்கயே இருந்துக்கலாம். என்ர தூண்டில மாட்டுனா ஊருக்குப் போலாம். ரெண்டுலயும் மாட்டலீன்னா சாமிக்கு இதுல விருப்பமில்லைன்னு கதிரவன்கிட்ட உட்டரலாம்."

யோசித்தேன். இதில் சாத்திர விரோதமாக எதுவும் தென்படவில்லை. அவள் என்னைவிட நன்றாக மீன் பிடிப்பாள் என்பது மட்டும் உறுத்தியது. ஆனால் அதைச் சொன்னால் ஆண்டவன் தீர்ப்பில் நம்பிக்கையில்லை என்றாகும். சரி என்றேன்.

5

அடுத்து நேரம். முருகேசன் ஆண்டுதோறும் அனுப்பும் தாள் கிழிக்கும் நாட்காட்டி சமையலறைச் சுவரில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் காலை ஒன்பதேகால் முதல் பத்தேகால் வரை. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு.

இதைப் பற்றி எங்கள் இருவருக்கும் நெடுநாள் வழக்கு. ராகு காலம் அந்தந்த ஊரின் சூரியோதயத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. ஆகவே இவ்வூர் உதயத்தையே கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. அவள் கட்சி வேறு.

"நம்ம சாதகம் எழுதுனது திருச்செங்கோட்டுலீங்க. நம்மளைப் பாத்துக்கிட்டிருக்கற ராகு அங்கத்து ராகு. அவுரு இங்க வந்து புதுசாக் கணக்குப் போடமாட்டாரு."

எனவே எங்கள் வீட்டில் எல்லா நல்ல காரியமும் சேலத்து நேரப்படிதான் நடக்கும். ஊரில் ஒன்பதேகால் என்றால் இங்கே பகல் ஒன்றேமுக்கால். இந்தக் கரையில் மீன் பிடிப்பவர்கள் விடியலில் வருவார்கள், அல்லது வெயில் தாழ்ந்து வருவார்கள். பகல் ஒன்றேமுக்காலுக்குக் காற்று எழும்பிவிடும் என்று அறிந்து எவரும் வருவதில்லை. ராகுவின் திருச்செங்கோட்டு முகவரியை மதித்து நாங்கள் மட்டும் வருவோம்.

ஆவணி மாதம் இங்கே குளிர் விடாத பருவம். பேருந்தை விட்டு இறங்கியதும் என் தொப்பி என்னைக் கேட்காமல் சாலையைக் கடந்தது. அம்மிணி கம்பளிச்சட்டைக்கு மேல் கட்டியிருந்த புடவையின் முந்தானை பாய்மரமாகப் புடைத்து அவளைப் பக்கவாட்டில் நடத்தியது. ஒரு கையில் தூண்டில், மறு கையில் அவள் முழங்கை என்று பிடித்துக்கொண்டு பாலத்தில் நடந்தேன்.

"மெதுவாப் புடிங்க. நான் பறந்தா நீங்களுஞ் சேந்து பறக்கோணும்."

"நாற்பத்தொரு ஆண்டாகப் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன்."

"வாரத்துக்கு ஒருநாளு புடிச்சீங்க."

பாலத்தின் நுனியில் ஒரே ஒருவர் இருந்தார். வியட்நாமிலிருந்து வந்து நெடுங்காலமாக இங்கே குடியிருக்கும் லாம் என்ற பெரியவர். காற்றானாலும் மழையானாலும் வருவார். வீட்டில் இருப்பதைவிட இது மேல் என்பது அவர் கொள்கை. அம்மிணி அவரை அண்ணா என்றே அழைப்பாள். அவர் அதைத் தம் பெயரின் இன்னொரு உச்சரிப்பாகக் கருதித் தலையசைப்பார்.

"இன்று மீன் இல்லை. காற்று மட்டும்" என்றார் ஆங்கிலத்தில்.

"எங்களுக்கு ஒன்று போதும்" என்றேன். அது ஒரு தீர்ப்புக்காக என்று விளக்கத் தொடங்கினேன். வாக்கியத்தின் பின்பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது.

6

தூண்டில் வீசுவது எளிது என்று நினைப்பவர்கள் அந்தக் காற்றில் வீசிப் பார்க்க வேண்டும். ஈயக்குண்டை முன்னே எறிந்தால் தங்கூஸ் நைலான் இழை வில்லாக வளைந்து பக்கத்தில் விழுகிறது. முதல் வீச்சு பாலத்தின் அடித்தூணுக்கு. இரண்டாவது என் சொந்த மழைச்சட்டைக்கு. முதுகில் மாட்டிய முள்ளை அம்மிணி எடுத்துவிட்டாள்.

"இது கணக்குல வராதுங்களே?"

"ஏன் வரவேண்டும்?"

"மொதல்ல மாட்டுனது நீங்கதானேன்னு கேட்டேன்."

சிரிப்பில் எனக்குக் கோலே கைநழுவப் பார்த்தது. அவள் கணவாய்த் துண்டைக் கோத்த விதத்தைப் பாருங்கள்: கோழிக்குஞ்சுக்கு மருந்து புகட்டும் விரல்கள், ஒரு திருப்பு, ஒரு அழுத்து, முடிந்தது. காற்றைப் பார்த்தாள், காற்று வரும் பக்கமாகவே சாய்த்து வீசினாள், காற்றே அவள் தூண்டிலை எடுத்துச் சென்று நடுநீரில் பணிவோடு இறக்கிவிட்டது. நாமக்கல்லில் கூரையில்லாமல் வெட்டவெளியில் நிற்கும் ஆஞ்சநேயரை அவள் தினம் சுற்றியவள். காற்றின் மகனுக்குச் சாத்திய வடைமாலைகள் வீண்போகவில்லை போலும்.

பச்சை நீர் வெள்ளைத் தலையோடு எழுந்து பாலத்தின் கால்களை அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் பலகையிடுக்கு வழியே உப்புத் திவலை மேலே சீறி, எங்கள் முகத்தைக் கழுவியது. என் கண்ணாடியில் கடல். என் வாயில் கடல். அறுபது ஆண்டு பாடிய வரிகளில் ஒன்றைச் சத்தமாகத் தொடங்கினேன். அலை வருகிற இடத்தில் உண்மையாகவே அலை வந்து வாயை அடைத்தது. லாம் பெரியவர் கைதட்டினார். பாட்டுக்கா, அலைக்கா என்று கேட்கவில்லை.

இரண்டரை மணி ஆகியிருக்கும். அப்போது பார்த்தேன்.

அம்மிணியின் கோல்நுனி இரண்டு முறை குனிந்தது. காற்றின் ஆட்டம் அன்று. காற்று அசைத்தால் நுனி நடுங்கும். இது தலைவணங்குவதுபோலக் குனிந்தது. அவள் அந்த நேரம் பறக்கவிருந்த பையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பியிருந்தாள். என் இழை தளர்ந்து, பாதி வானத்தில் ஊதிக்கொண்டிருந்தது. ஒரு மூச்சு நேரம் நான் எதுவும் செய்யவில்லை. பிறகு, ஏன் என்று எனக்கே தெரியாது, என் ரீலை வேகவேகமாகச் சுற்றினேன். தளர்ந்து கிடந்த என் இழை காற்றில் சுழன்று போய் அவள் இழையின் மேல் விழுந்தது.

"எனக்கு இழுக்குது" என்றாள் திரும்பி.

"எனக்கும் இழுக்கிறது" என்றேன். அதுவும் உண்மையே. இரண்டும் பின்னிக்கொண்டுவிட்டன.

இருவரும் சுற்றினோம். இரண்டு இழையும் ஒரே கயிறாக முறுக்கி, அதன் முனையில் மீன் துள்ளி மேலே வந்தது. ஊர்ச் சங்கரா மீனுக்குத் தூரத்து உறவு. உள்ளங்கை நீளத்துக்குச் சற்று மேல். இரண்டு தூண்டில்முள், இரண்டு ஈயக்குண்டு, நூற்றெட்டு முடிச்சு. முள் வாய்க்குள் இருந்தது; அது எவருடைய இழையில் தொடங்குகிறது என்பது முடிச்சுக்குள் இருந்தது. என் முள்ளும் அவள் முள்ளும் ஒரே கடையில் ஒரே அட்டையில் வாங்கியவை.

"பொறுங்க, பிரிச்சுப் பாக்கலாம்" என்று அம்மிணி மீனைக் கோழியைப் பிடிப்பதுபோல வயிற்றடியில் கைகொடுத்துப் பிடித்தாள்.

லாம் பெரியவருக்குப் பூவாக்கு தெரியாது. சிக்கல் தெரியும். உதவ ஓடிவந்தார், இடுப்பிலிருந்து சிறு கத்தி வந்தது, சரக், சரக், சரக். முடிச்சு முழுவதும் அறுந்து காற்றோடு போயிற்று. வாயிலிருந்து முள்ளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாலத்தின் கைப்பிடியில் அறைந்திருக்கும் அளவுப்பட்டையில் மீனைக் கிடத்தினார். இரண்டு விரற்கடை குறைவு.

"சிறியது. சட்டம்" என்றார். மீன் கடலுக்குப் போயிற்று.

எல்லாம் அரை நிமிடம். சாட்சி நீந்திவிட்டது.

நாங்கள் இருவரும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றோம். அம்மிணிதான் முதலில் வாய் திறந்தாள்.

"ஏனுங்க, அது முதுகெல்லாம் செவப்பு, பாத்தீங்களா?"

"வயிறு வெள்ளை" என்றேன்.

அவ்வளவுதான். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பலகையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. நானும் உட்கார்ந்தேன். கண்ணீர் வரச் சிரித்தோம். லாம் பெரியவர் தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணி வருந்தி, இடையில் தமக்கு மாட்டியிருந்த ஒரே மீனை வாளியிலிருந்து எடுத்து எங்களிடம் நீட்டினார். அதைப் பார்த்து இன்னும் சிரித்தோம்.

7

சிரிப்பு ஓய்ந்தபோது மணி இரண்டு முப்பத்தைந்து. நல்ல நேரத்தில் பத்து நிமிடம் மிச்சம். படிவம் பைக்குள் இருந்தது; வாக்குக் கிடைத்ததும் அங்கேயே கட்டத்தில் குறித்துக் கையொப்பமிடுவதென்று எடுத்து வந்திருந்தோம்.

"தீர்ப்பு இல்லீங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னொருக்காப் போட்டுப் பாக்கலாமா? எங்கப்பன் மாதிரி."

நல்ல வாய்ப்பு. ஆம் என்று ஒரு சொல் போதும். இனி மீன் கிடைக்காது. கிடைக்காவிட்டால் முடிவு மகனிடம் போகும். மகன் தங்கச் சொல்வான். கடல் எனக்கு. அவள் கைப்பேசியில் கோழி வளர்த்துக்கொண்டிருப்பாள், குறை சொல்லமாட்டாள், கீரை ஆய்வாள்.

என் எதிரே நீர் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. அதன்மேல் அறிதுயில் கொள்பவனை இத்தனை ஆண்டு பாடியிருக்கிறேன். கண் மூடியிருப்பான், ஆனால் அறிந்திருப்பான். அந்தச் சொல்லின் பொருளை அன்றுதான் உணர்ந்தேன்.

"அம்மிணி, உன் கோல்தான் முதலில் குனிந்தது. இரண்டு முறை. நான் பார்த்தேன். என் இழை அப்போது தண்ணீரிலேயே இல்லை."

அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்:

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"பையி மேல கால் வெச்சிருந்தாலும் கையி கோல் மேலதானுங்க இருந்துது."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நாஞ் சொன்னா நாஞ் செயிச்ச மாதிரி ஆயிருமுங்க. நீங்க சொன்னாத்தான் சாமி சொன்ன மாதிரி."

பிறகு அவளே எனக்கு ஒரு வாசலும் திறந்துவிட்டாள், அதுதான் அவள்.

"ஆனா அளவு பத்தாத மீனுங்க அது. சட்டப்படி கணக்குல வராது. வேண்டீன்னா அப்புடி வெச்சுக்கலாம்."

"பூவை யாரும் அளந்து பார்ப்பதில்லை அம்மிணி. பேனாவை எடு."

படிவத்தை என் முழங்கால்மீது விரித்தேன். நான்கு மூலையும் நான்கு திசைக்கு எழும்பின. ஒரு மூலையில் என் முழங்கை, ஒரு மூலையில் அவள் உள்ளங்கை, இரண்டில் லாம் பெரியவரின் ஈயக்குண்டுகள். இல்லை என்ற கட்டத்தில் குறித்தேன். காற்றில் கோடு கட்டத்தை விட்டு வெளியே ஓடிவிட்டது. முப்பது ஆண்டு ஏடு எழுதிய கை. இப்படி ஒரு கோணல் குறி போட்டதில்லை. கீழே கையொப்பமிட்டேன். அவள் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் எழுதினாள். எழுதி முடித்துக் கடலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சட்டென்று பார்வையை விலக்கிக் கைப்பேசியை எடுத்தாள்.

ஊரில் அப்போது காலை பத்து மணி கடந்து கொட்டாயில் தீவனம் போடும் நேரம். முருகேசன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"முருகேசு, நாங்க வாரோம். ஆமா, ரெண்டு பேருந்தான். வந்து பாக்கறப்ப தொட்டி காஞ்சு கெடந்துதுன்னா உன்னைய உள்ளார வெச்சுப் பூட்டிருவேன். என்ன? கேக்குலியா?"

காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். அவனும் மறுமுனையில் கத்தினான், எனக்கே கேட்டது.

"என்னக்கா அங்க இத்தனை சத்தம்? லாரி கீது போவுதா?"

"லாரியில்லடா. உன்ர மச்சானோட கடலு."

பத்தாயிரம் கோழிகளின் இரைச்சலுக்கு நடுவே அவன் சிரிப்புக் கேட்டது. "அதையுங் கட்டித் தூக்கீட்டு வாராராமா மச்சான்?"

அவள் கைப்பேசியைக் கம்பளிச்சட்டையோடு அணைத்து மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"என்னங்க சொல்லட்டும்?"

அலை ஒன்று பலகையிடுக்கு வழியே எழுந்து எங்கள் இருவரையும் நனைத்துவிட்டுப் போயிற்று. முகத்தைத் துடைக்காமல் சொன்னேன்:

"மூன்றாவது கொட்டாய்க்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கேள்."

கேட்டாள். இருக்கிறதாம்.